சிப்பியில் முத்து, கிடாவில் வித்து: செவிலிச் செல்கள் சொல்லும் பாடம்

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் உப்பளமும் முத்தும் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவின் பார்களில் முக்குளித்துச் சிப்பி எடுக்கும் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் முத்து அங்கே மறுபிறவி எடுத்தது. 1973-ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவில் பணியாற்றிய விஞ்ஞானி கே. அழகர்சாமி, உள்ளூர்ச் சிப்பியிலேயே உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் கடலில் இதற்கான பண்ணை அமைந்தது.

அந்தச் சிறு அறுவை வேலையில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதலில் ஒரு சிப்பியிலிருந்து, அதன் உடலைப் போர்த்தியிருக்கும் சதை மடிப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு நறுக்கப்படுகிறது. பின்னர் கிளிஞ்சல் ஓட்டில் கடைந்த சிறு மணியோடு அந்தத் துண்டு வேறொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள் வைக்கப்படுகிறது. அந்நியச் சிப்பியின் சதை அங்கே சாகாமல் தழைத்து, மணியைச் சுற்றிப் பைபோல் வளர்ந்து, அடுக்கடுக்காக முத்துப் பூச்சைப் பூசுகிறது. சதையைக் கொடுத்த சிப்பியின் மரபணுக்கள் இன்னொரு சிப்பியின் உடலுக்குள் இருந்தபடி வேலை செய்கின்றன. எல்லாச் சிப்பிகளும் இதற்கு இணங்குவதில்லை. சில மணியை வெளியே தள்ளிவிடும். சில இறந்தும் போகும். இணங்கிய சிப்பி மட்டுமே முத்துத் தரும்.

தன்னுடையது அல்லாத ஒன்றை ஓர் உடல் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? கடலில் எழும் இந்தக் கேள்வி கரையில் ஆடு வளர்ப்பவருக்கும் உரியதே. விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரங்களில் வேம்பூர் செம்மறியும், கன்னி ஆடும், கொடி ஆடும் சிறு விவசாயியின் கைமுதல். மந்தையின் பெருக்கம் முழுவதும் ஒரே ஒரு பொலிகிடாவை நம்பி இருக்கிறது. அந்தக் கிடாவின் விரைக்குள்ளும் நாள்தோறும் கோடிக்கணக்கான 'அந்நியர்கள்' பிறந்து வளர்கிறார்கள். அவர்களை உடல் பொறுத்துக்கொண்டால் குட்டி உண்டு. பொறுக்க மறுத்தால் மந்தை சினையின்றி நிற்கும்.

சொந்த உடலிலேயே அந்நியன்

நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதை அடையாளம் கண்டு அழிக்கும் சக்தி எல்லா ஆடுமாடுகளுக்கும் உண்டு. இது தன்னுடையது, இது அந்நியம் என்ற பாடத்தை இந்த எதிர்ப்புச் சக்தி குட்டிப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் உடலில் உள்ளவை எல்லாம் 'நம்மவை' என்று பதிவாகிவிடும்.

விந்தணுவோ அப்போது உடலில் இல்லை. கிடாக்குட்டி பல மாதங்கள் வளர்ந்து பருவமடையும்போதுதான் அது தோன்றுகிறது. அதன் மேலுள்ள பல புரதங்களை உடலின் காவலர்கள் அதற்கு முன் கண்டதே இல்லை. ஊரில் குடும்ப அட்டை எழுதி முடித்தபின் வந்து சேர்ந்த ஆளைப்போல விந்தணு நிற்கிறது. பெயர் பதிவில் இல்லாததால் அதைப் பகையாகக் கருதித் தாக்க உடல் ஆயத்தமாக இருக்கும்.

இது வெறும் ஊகம் அன்று. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபிராய்ண்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், சீமைப் பெருச்சாளிகளுக்கு விரைத் திசுவின் சாற்றை எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருளோடு கலந்து ஊசியாகப் போட்டனர். அப்பிராணிகளின் உடல் தன் விந்தணுக்களையே எதிர்க்கத் தொடங்கியது. விரைகள் விந்தணு உண்டாக்குவதை நிறுத்திவிட்டன.

அப்படியானால் நல்ல கிடாவின் உடலில் இந்தப் போர் ஏன் மூள்வதில்லை? நடுவில் நின்று அமைதி காக்கும் ஒருவகைச் செல்கள் இருப்பதால்தான்.

செவிலிச் செல்கள்

விரையை அறுத்துப் பார்த்தால் உள்ளே தையல் நூல் பருமனில் சுருள் சுருளாகக் குழல்கள் நிறைந்திருக்கும். இந்தக் குழல்களில்தான் விந்தணு பிறக்கிறது. 1865-ஆம் ஆண்டில் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலிய இளைஞர் இக்குழல்களை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, கிளை விட்ட மரம்போல் நிற்கும் செல்களைக் கண்டார். பின்னாளில் அவர் மிலான் நகரில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆசிரியராக விளங்கினார். அச்செல்கள் அவர் பெயராலேயே செர்டோலி செல்கள் எனப்படுகின்றன. அவை செய்யும் வேலையை நோக்கின் செவிலிச் செல்கள் என்பது பொருந்தும்.

விந்தணுவாக மாறப்போகும் இளஞ்செல்கள் இந்தச் செவிலிச் செல்களின் மடிப்புகளில் பொதிந்து கிடக்கும். அவற்றுக்கு உணவு ஊட்டுவது, கழிவை அகற்றுவது, குறையுள்ளவற்றை விழுங்கி அழிப்பது, முதிர்ந்தவற்றைக் குழலின் நடுவழியில் விடுவது ஆகிய எல்லாம் செவிலிச் செல்லின் பொறுப்பு.

எல்லாவற்றிலும் முக்கியமானது காவல் வேலை. அடுத்தடுத்து நிற்கும் செவிலிச் செல்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து இறுகி, இரத்தத்துக்கும் விந்தணுவுக்கும் இடையே ஒரு வேலி எழுப்புகின்றன. செட்செல் என்ற விஞ்ஞானியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1969-இல் செம்மறிக் கிடாக்களிலேயே இந்தத் தடுப்பை மெய்ப்பித்தனர். இரத்தத்தில் ஏற்றிய பல பொருள்கள் விரைக்குழல் நீருக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டதை அவர்கள் கண்டார்கள்.

இது அசையாத கல்சுவர் அன்று. வெளிப்புறம் பிறந்த இளஞ்செல்கள் வேலியைக் கடந்து உட்புறம் சென்றுதான் முதிர வேண்டும். ஆடுகளை ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்கு மாற்றும்போது பின்படலை அடைத்த பிறகு முன்படலைத் திறப்பது வழக்கம். செவிலிச் செல்களும் அப்படியே செய்கின்றன. இளஞ்செல்லுக்குப் பின்னால் புதுப் பிணைப்பு இறுகிய பிறகுதான் முன்னால் உள்ள பழைய பிணைப்பு அவிழ்கிறது. எந்த நேரத்திலும் வேலி திறந்து கிடப்பதில்லை.

வேலி மட்டும் போதாது என்பதும் இப்போது தெளிவாகியுள்ளது. செவிலிச் செல்கள் தாக்க வரும் காவல் செல்களை அடக்கி அமைதிப்படுத்தும் புரதங்களைச் சுரக்கின்றன. 1990-களில், சர்க்கரை நோயுள்ள எலிகளின் உடலில் இன்சுலின் சுரக்கும் அந்நியச் செல்களை இந்தச் செவிலிச் செல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தனர். தனியே வைத்தால் அழிந்துவிடும் அந்த அந்நியச் செல்கள், செவிலியின் துணையோடு பிழைத்துக்கொண்டன. விரையிலிருந்து வெளியே எடுத்தபின்பும் செவிலி தன் அமைதிப் பணியை விடவில்லை. மேலும், விந்தணுவின் சில புரதங்கள் சிறிதளவு வெளியே கசிந்து, 'இது பகையன்று' என்று உடலுக்குத் தொடர்ந்து நினைவூட்டி வருவதாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

முத்துச் சிப்பிக்கு இத்தகைய செவிலிச் செல்கள் இல்லை. ஆட்டின் இரத்தத்தில் உள்ளது போன்ற எதிர்ப்புப் புரதங்களும் அதற்கு இல்லை. அதன் வழி வேறு. இரண்டிலும் ஒத்திருப்பது ஒன்றுதான்: அந்நியத்தைப் பொறுத்துக்கொள்ளும் வரைதான் முத்தும் உண்டு, வித்தும் உண்டு.

மரபணுக்கள் செய்யும் வேலை

உடலின் ஒவ்வொரு செல்லிலும் மரபணுக்கள் அடங்கிய முழுப் பேரேடும் இருக்கிறது. ஆனால் தோல் செல் தனக்கு வேண்டிய ஏட்டை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளும். ஈரல் செல் வேறு ஏட்டைப் பிரிக்கும். எந்த ஏடு எப்போது திறக்கிறது என்பதையே மரபணுவின் செயல்பாடு என்கிறோம்.

தாயின் வயிற்றில் கரு ஆணாவதே செவிலிச் செல்களில் திறக்கும் ஓர் ஏட்டினால்தான். ஆணுக்கு மட்டும் உள்ள குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு 1990-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது செவிலிச் செல்லாக மாறப்போகும் செல்களில் விழித்து, சாக்ஸ்-9 என்ற மற்றொரு மரபணுவை எழுப்பிவிடும். சாக்ஸ்-9 எழுந்ததும் செவிலிச் செல்கள் உருவாகி, விரை அமைகிறது.

வெள்ளாட்டில் இதற்கு ஒரு விந்தையான சான்று உண்டு. சானன் போன்ற ஐரோப்பியப் பால் இனங்களில், பிறவியிலேயே கொம்பில்லாத கிடாவையும் கொம்பில்லாத பெட்டையையும் சேர்த்தால், ஆணும் பெண்ணும் அல்லாத மலட்டுக் குட்டிகள் சில பிறக்கும். கொம்பில்லாமைக்குக் காரணமான மரபுக் குறை, சூலகத்தைக் காக்கும் மரபணுவையும் அடக்கிவிடுகிறது. அதனால் பெண் குட்டியின் சூலகம் விரைபோல் திரும்பிவிடுகிறது. இந்த உண்மை 2001-இல் மரபணு அளவில் விளக்கப்பட்டது. சானன் கலப்பு ஆடு வளர்ப்போர் கொம்புள்ள கிடாவையே தேர்ந்தெடுப்பது நலம்.

மாடு வளர்ப்போர் அறிந்த செய்தியும் ஒன்று உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடேரி பெரும்பாலும் சினைபிடிக்காது. காளைக்கன்றின் செவிலிச் செல்கள், பெண் உறுப்பு வளர்வதைத் தடுக்கும் சுரப்பு ஒன்றை உண்டாக்குகின்றன. இரட்டைக் கன்றுகளின் இரத்தம் வயிற்றிலேயே கலப்பதால் அந்தச் சுரப்பு கிடேரியையும் சென்று தாக்குகிறது. அத்தகைய கிடேரியைப் பாலுக்கென்று நம்பி வாங்கக்கூடாது.

கிடா பருவமடையும்போது செவிலிச் செல்லில் ஏடுகள் மாறுகின்றன. பெருகும் ஏடு மூடிக்கொள்ள, வேலி கட்டும் புரதங்களின் ஏடுகளும் அமைதிச் சுரப்புகளின் ஏடுகளும் திறக்கின்றன. இவற்றைத் திறப்பவை மூளையடிச் சுரப்பியிலிருந்து வரும் சுரப்பும், விரையிலேயே உண்டாகும் ஆண்மைச் சுரப்பும் ஆகும். பட்டினி, கடும் வெப்பம், காய்ச்சல் ஆகியவை இந்தச் சுரப்புகளையும் செவிலிச் செல்களின் வேலையையும் குலைக்கின்றன. வேலி தளர்கிறது. இளஞ்செல்கள் முதிராமலே உதிர்கின்றன.

எண்ணிக்கை குட்டியிலேயே முடிகிறது

ஒரு செவிலிச் செல் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விந்தணுக்களையே பேண முடியும். செவிலிகள் குறைவாக இருந்தால் விந்தணுவும் குறைவாகவே இருக்கும். செவிலிச் செல்கள் பெருகுவது தாயின் வயிற்றிலும், பிறந்தபின் பருவமடையும் வரையிலும்தான். அதன்பின் அவை பெருகுவதில்லை.

இதன் பொருள் என்ன? பொலிகிடாவாக வளர்க்க எண்ணும் குட்டி பால்குடிப் பருவத்தில் அரைவயிறாக வளர்ந்தால், பின்னர் எவ்வளவு தீவனம் வைத்தாலும் அந்த இழப்பு முழுதும் ஈடாகாது. உடல் தேறும், செவிலிச் செல்லின் எண்ணிக்கை தேறாது. நெல்லில் தூர் கட்டும் பருவத்தில் விட்ட உரத்தைக் கதிர் வந்தபின் போட்டு என்ன பயன்?

ஆகவே பொலிகிடாவுக்கான குட்டியைப் பிறந்த உடனேயே குறித்துவைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். தாய்க்குச் சினையின் கடைசி இரண்டு மாதங்களிலும், பால் தரும் காலத்திலும் மேய்ச்சலோடு அடர்தீவனம் தர வேண்டும். இரட்டைக் குட்டி என்றால் இரண்டுக்கும் பால் போதுகிறதா என்று பார்க்க வேண்டும். பால் மறக்கும் வேளையில் தளிர் இலை, அடர்தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவற்றைப் பழக்க வேண்டும்.

வேலி குலைவது எதனால்?

வெயில்: விரை வயிற்றுக்கு வெளியே தொங்குவது காரணத்தோடுதான். உடல் வெப்பத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு செவ்வனே வளரும். தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் காட்டில் சித்திரை, வைகாசி வெயிலில் நிழலின்றி நிற்கும் கிடாவால் இந்தக் குளிர்ச்சியைக் காக்க முடியாது. உடை மரம், வேம்பு, புளி எதுவாயினும் நிழல் வேண்டும். காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மேய்ப்பது நல்லது. நண்பகலில் தண்ணீர் கிட்டும் இடத்தில் கிடாவை நிறுத்த வேண்டும்.

காய்ச்சல்: வடகிழக்குப் பருவமழைக்குப் பின் செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோய், எந்தக் காலத்திலும் வரக்கூடிய கோமாரி போன்றவை உடல் முழுவதையும் கொதிக்க வைக்கின்றன. ஆடு பிழைத்து எழுந்தாலும் விந்தணுவின் தரம் தேறப் பல வாரங்கள் ஆகும். கால்நடை மருத்துவமனையில் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வது கிடாவின் ஆண்மைக்கும் காப்பாகும்.

அடியும் முள்ளும்: கிடாக்களின் முட்டல் சண்டை, வேலிக்கம்பியின் கீறல், சீமைக்கருவேல முள், விரைப்பையில் ஒட்டும் உண்ணி ஆகியவற்றை அற்பமாக எண்ணக்கூடாது. உள்ளே குழல் உடைந்து விந்தணு வெளியே கசிந்தால், அதுவரை அதைக் காணாத காவல் செல்கள் திரண்டுவந்து அந்த இடத்தைக் கட்டியாக்கிவிடும். வீக்கத்தின் சூட்டால் பக்கத்தில் உள்ள நல்ல விரையும் கெடும். வாரம் ஒருமுறை விரைப்பையைத் தடவிப் பார்த்து, முள்ளையும் உண்ணியையும் அகற்ற வேண்டும்.

கருச்சிதைவு நோய்: புரூசெல்லா என்ற கிருமி பெட்டைகளில் கருவைச் சிதைக்கும். கிடாவில் விரையையும் அதை ஒட்டிய விந்துச் சேமிப்புக் குழலையும் வீங்கச் செய்யும். கிருமியைக் கண்டுணரும் உறுப்புகள் செவிலிச் செல்லிலும் உண்டு. ஆனால் அவை எழுப்பும் எதிர்ப்பு மிஞ்சிப்போனால் வேலியே சிதையும். மந்தையில் கருச்சிதைவு தொடர்ந்தால் கிடா, பெட்டை எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் அதன் அறிகுறிகள். சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

பருத்திக்கொட்டை: கோவில்பட்டிக் கரிசலில் எளிதில் கிடைக்கும் தீவனம் இது. ஆனால் பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப் பொருள் உண்டு. அது விந்தணு உற்பத்தியைக் கெடுக்க வல்லது. வளர்ந்த ஆட்டின் அசையிரைப்பை அதில் பெரும்பகுதியை முறித்துவிடும் என்றாலும், அளவு மீறக்கூடாது. இளங்குட்டிகளுக்கு அந்தத் திறன் முழுமை பெறவில்லை. பொலிகிடாவுக்கும் கிடாக்குட்டிக்கும் பருத்திக்கொட்டையைத் தவிர்த்து, கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, தானியம், தவிடு ஆகியவற்றைத் தருவதே பாதுகாப்பு.

ஆசை வேறு, வித்து வேறு

'கிடா நன்றாகத்தான் தாவுகிறது, பிறகு ஏன் சினை நிற்கவில்லை?' என்பது ஆடு வளர்ப்போர் பலர் கேட்கும் கேள்வி. விடை விரையின் அமைப்பில் இருக்கிறது. ஆண்மைச் சுரப்பைத் தருபவை குழல்களுக்கு வெளியே உள்ள வேறு செல்கள். குழலுக்குள் செவிலிச் செல்கள் குலைந்து விந்தணு அற்றுப்போனாலும், வெளியே உள்ள செல்கள் தம் வேலையைத் தொடரலாம். எனவே கிடா மோப்பம் பிடிக்கும், உறுமும், தாவும். ஆனால் வித்து இருக்காது. இத்தகைய கிடாவே மந்தைக்குப் பெருங்கேடு. சோம்பிக் கிடக்கும் கிடாவை ஒரே வாரத்தில் மாற்றிவிடுவோம். தாவும் கிடாவை நம்பி மாதக்கணக்கில் ஏமாந்துபோவோம்.

25 பெட்டைகள் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். செம்மறிப் பெட்டை 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று பருவம் தவறிய பின்பே ஐயம் தோன்றுமானால் 51 நாள் வீண். வேறு கிடா தேடி விட்டாலும் அதன்பின் ஐந்து மாதம் சினைக்காலம். மார்கழியில் பசும்புல் உள்ளபோது பிறக்க வேண்டிய குட்டிகள் மாசி, பங்குனிக் காய்ச்சலில் பிறக்கும். தாய்க்குப் பால் இராது. குட்டிகள் தேறாது. அந்த ஆண்டின் வருமானமே நலிந்துவிடும்.

காவிச் சோதனை

ஐயத்தை விரைவில் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் தடவிவிட வேண்டும். கிடா தாவிய பெட்டைகளின் முதுகில் காவி ஒட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். 17 நாள் கழிந்ததும் நிறத்தை மாற்றி நீலம் தடவ வேண்டும். வெள்ளாடானால் 21 நாள் கணக்கு. காவி பட்ட பெட்டைகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் நீலமும் விழுந்தால், அவை சினை நிற்கவில்லை என்று பொருள். ஒரே பெட்டை திரும்பினால் குறை பெட்டையில் இருக்கலாம். மந்தையே திரும்பினால் குறை கிடாவில்தான். கருப்பு ஆட்டில் காவி தெரியாது; அதற்குச் சுண்ணாம்புப் பொடியை நாடாமல் வெளிர் மஞ்சள் போன்ற தோலை அரிக்காத சாயத்தைப் பயன்படுத்தலாம்.

கிடா வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கொம்பையும் உயரத்தையும் மட்டும் பார்த்து விலை பேசக்கூடாது. கிடாவைப் பின்னிருந்து பிடித்து விரைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இரண்டு விரைகளும் இறங்கி, ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒற்றை விரைக் கிடா சினைபிடிக்கச் செய்யும் என்றாலும், அந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கக்கூடும் என்பதால் அதைப் பொலிகிடாவாக வைத்துக்கொள்ளக்கூடாது. வயிற்றுக்குள்ளேயே தங்கிய விரை உடல் சூட்டில் வேகுவதால் விந்தணு தராது.

தொட்டால் கெட்டியாகவும் அழுத்தினால் மீள்வதாகவும் இருப்பது நல்ல விரை. களிபோல் துவண்டிருந்தால் அண்மையில் வெப்பமோ காய்ச்சலோ தாக்கியிருக்கலாம். கல்போல் இறுகிச் சிறுத்திருந்தால் உள்ளே குழல்கள் அழிந்து நார் பாய்ந்திருக்கும்; அது மீளாது. விரையின் அடிநுனியில் உருண்டையாகத் திரண்டிருப்பது விந்துச் சேமிப்புக் குழலின் வால்பகுதி. அது இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் கட்டியிருந்தால் கருச்சிதைவு நோய்க்கான பரிசோதனை இன்றி வாங்கக்கூடாது.

ஒரே வயதும் ஒரே இனமும் உள்ள கிடாக்களில், விரைப்பையின் அகலமான பகுதியை நூலால் சுற்றி அளந்து, சுற்றளவு மிகுந்ததைத் தேர்வது சிறந்தது. பெரிய விரை என்பது செவிலிச் செல்கள் மிகுதி என்பதற்கு வெளி அடையாளம்.

அறுபது நாள் கணக்கு

செம்மறிக் கிடாவின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 7 வாரங்கள் ஆகும். பின் சேமிப்புக் குழலில் முதிர மேலும் 10 முதல் 14 நாள் பிடிக்கும். ஆக, இன்று பெட்டையைச் சேரும் விந்தணு இரண்டு மாதத்துக்கு முன் செவிலியின் மடியில் விழுந்தது.

ஆடியில் பெட்டைகளைச் சேர்த்து மார்கழியில் குட்டி எடுக்க விரும்புவோர் இதை நன்கு கவனிக்க வேண்டும். ஆடியின் வித்து அக்கினி நட்சத்திர வெயிலில் தொடங்கியது. ஆடி பிறந்தபின் கிடாவுக்குத் தீனி போட்டுப் பயனில்லை. சித்திரைக் கடைசியிலேயே நிழல், தண்ணீர், தீவனம், குடற்புழு நீக்கம், தாது உப்புக் கலவை ஆகிய எல்லாம் தொடங்கிவிட வேண்டும். உடல் அளவுக்கேற்ப நாளொன்றுக்கு 250 முதல் 500 கிராம் அடர்தீவனம் தரலாம். பசுந்தீவனத்துக்கு அகத்தி, வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றில் கிடைப்பதைக் கொடுக்கலாம். ஆனால் சூபாபுல்லை மட்டுமே தனித்தீவனமாக வைக்கக்கூடாது.

25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். முதல்முறை விடும் இளங்கிடாவுக்கு அதில் பாதி போதும். காய்ச்சல் கண்டு எழுந்த கிடாவை இரண்டு மாதம் கழித்தே நம்பலாம். அதுவரை பக்கத்து மந்தையின் நல்ல கிடாவை இரவல் பெறுவது நல்லது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை மாற்றினால், தகப்பனே மகளைச் சேரும் நிலை நேராது. ஐயம் உள்ள கிடாவின் விந்தைச் சோதித்துப் பார்க்க அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ நாடலாம்.

வேப்பலோடையில் சிப்பிகளைக் கையாண்டவர்கள் அறுவைக்கு முன்னும் பின்னும் அவற்றை நல்ல நீரில், அலையாமல், அதிராமல் வைத்துக் காத்தார்கள். உள்ளே நடக்கும் வேலையை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே சூழலைச் செம்மைப்படுத்தவே முடியும். கிடாவின் நிலையும் அதுவே. செவிலிச் செல்லுக்கு மருந்து கொடுத்து வேலை வாங்க முடியாது. குட்டியில் வயிறு நிறையப் பால், கோடையில் நிழல், முள்ளுக்கும் அடிக்கும் காவல், நோய்க்குத் தடுப்பூசி ஆகிய நான்கையும் கொடுத்தால், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.